பெரியப்பா பார்க்க மட்டும்

சொல்லிவிடுவேன் மேடம், சொல்வதற்கு ஒன்றுமில்லை. தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயம். நீங்கள் வேறு அந்தப் போனை மேசைமேல் வைத்துவிட்டீர்கள். அதில் ஒரு சிவப்புப் புள்ளி துடிக்கிறது. நான் ஏதாவது மாற்றிச் சொல்லிவிட்டால் திருத்திக்கொள்ளலாமா, இல்லை முதலில் சொன்னதும் உள்ளேயே கிடக்குமா? கிடக்கும். எனக்குத் தெரியும். உங்கள் கம்பெனிச் சாமான் எல்லாமே அப்படித்தான். எதுவும் போகாது.

உங்கள் சாமானை வைத்து எங்கள் வெப்சைட்டை நாங்கள் எப்படி நடத்துகிறோம் என்று என் வார்த்தையிலேயே சொல்லச் சொல்கிறீர்கள். நான் ஏழாவது வரைக்கும்தான். என் வார்த்தை எவ்வளவு இருக்கப்போகிறது? சௌம்யா, அதுதான் எங்கள் முதலாளியின் மருமகள், அவளைக் கேட்டிருந்தால் கோர்வையாகச் சொல்லியிருப்பாள். அவளோ "அந்தக் கடலைமிட்டாய்க்காரர் வீட்டுக் கல்யாணத்தச் சொல்லுங்கக்கா" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அவளுக்குச் சிரிப்பு. அன்றைக்கு மண்டபத்தில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். டீயைக் குடியுங்கள், ஆறிவிடும்.

இந்த அச்சகத்தில் எனக்கு இருபத்து மூன்று வருஷம். முதலில் அட்டை மடித்தேன், தங்க நூல் கோத்தேன், நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவினேன். பிறகு அண்ணாச்சி என்னை ப்ரூஃப் பார்க்க உட்காரவைத்தார். வைரவன் அண்ணாச்சி, எங்கள் முதலாளி. ஏழாவது படித்தவள் ப்ரூஃப் பார்ப்பதா என்று கோவில்பட்டியில் சிலர் கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப் பிழையை யார் பார்க்கிறார்கள் மேடம்? எந்தப் பேர் எந்தப் பேருக்கு மேலே இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். அது எனக்கு வரும். ஒரு குடும்பத்துக்காரர்கள் இந்தப் படியேறி வந்து உட்காருவதைப் பார்த்தாலே, யார் யாரோடு பேசுவதில்லை என்று சொல்லிவிடுவேன். சொல்ல மாட்டேன். நான் அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடுகிறவள் இல்லை.

ப்ரூஃபில் ஒரே ஒரு விதிதான். புதிது வந்தால் பழையதைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்துக் கிழித்துவிட வேண்டும். ஒரு தடவை கிழிக்காமல் விட்டுவிட்டோம். மெஷினுக்குப் பழையது போய்விட்டது. காலமாகி மூன்று மாதமான ஒரு தாத்தா, "தங்கள் வரவை அன்புடன் எதிர்நோக்கும்" என்று ஐந்நூறு அட்டையில் எதிர்நோக்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நான் கிழிப்பதில் குறை வைத்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சௌம்யா கோயம்புத்தூரிலிருந்து மருமகளாக வந்தாள். வந்த ஆறாம் மாதம் உங்கள் கம்பெனியின் வெப்சைட் சாமானை வாங்கிப் போட்டாள். இனிமேல் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வெப்சைட்டில் ஒரு பக்கம். அட்டையில் ஒரு க்யூ.ஆர். கட்டம் அச்சடிப்போம், போனில் அதைப் படம் பிடித்தால் பக்கம் திறக்கும். மஞ்சள் எங்கே தடவுவது என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, பக்கத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் நிறம் வைத்துத் தந்தாள். ஊரில் நடக்கிற எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே மஞ்சள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் முதல் தடவை வெளியிடும்போது இந்தக் கம்ப்யூட்டர் திரையின் நான்கு மூலையிலும் கொஞ்சம் தடவிவிடுவேன். நீங்கள் வந்ததிலிருந்து அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அது அழுக்கில்லை மேடம்.

பக்கத்தைத் திருத்துவதை சௌம்யா எனக்குச் சொல்லித் தந்தாள். சேவ் அழுத்தினால் ஒரு வெர்ஷன். அதற்கு ஒரு நம்பர். நம்பருக்குப் பக்கத்தில் யார் மாற்றியது என்று பேர். அதற்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, என்ன மாற்றம், ஏன் என்று எழுத. இதையெல்லாம் உங்களுக்கே சொல்கிறேன் பாருங்கள். பப்ளிஷ் அழுத்தின வெர்ஷனைத்தான் ஊர் பார்க்கும். மற்றதெல்லாம் உள்ளே வரிசையாக நிற்கும். ஆனால் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனியாக ஒரு லிங்க் உண்டு. அதை யாருக்கு அனுப்புகிறோமோ அவர் அந்த வெர்ஷனை மட்டும் பார்ப்பார். வீட்டுக்காரர்களிடம் சம்மதம் கேட்க அது. நாங்கள் ப்ரூஃப் லிங்க் என்போம்.

"பழச எப்படிம்மா கிழிக்கிறது?" என்று கேட்டேன்.

"கிழிக்கவே முடியாதுக்கா. எப்ப வேணும்னாலும் பழசுக்குத் திரும்பிப் போய்க்கலாம். அதான் வசதியே."

எனக்கு அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. அவள் இன்னொன்றும் சொன்னாள். "அந்தப் பெட்டிய மட்டும் காலியா விட்டுறாதீங்கக்கா. உண்மையான காரணத்த எழுதிருங்க. பின்னால யாராவது கேட்டா அதான் நமக்குப் பாதுகாப்பு." பாதுகாப்பு என்றது அவள்தான். அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வைகாசியில் தவசிலிங்கம் வந்தார். கடலைமிட்டாய் போடுகிறவர், நல்ல மனுஷர், சத்தமாகத் தும்முவதற்கே பயப்படுவார். ஒரே மகள் இலக்கியாவுக்குக் கல்யாணம். பத்திரிகையில் பேர் வரிசையால் வருகிற சண்டைக்குப் பயந்து ஒரு யோசனையோடு வந்திருந்தார். அட்டையில் பெண்ணைப் பெற்றவர்கள், மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் பேர் மட்டும். கீழே கட்டம். மற்ற உறவுக்காரர்கள் பேரெல்லாம் வெப்சைட்டுப் பக்கத்தில். கம்ப்யூட்டருக்குள் போய் யார் சண்டை போடப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். சண்டை அட்டையைவிட்டு என் மேசைக்கு வந்தது.

மூன்று பேர்தான் மேடம், குழம்பிக்கொள்ளாதீர்கள். பெண்ணின் பெரியப்பா பரமகுரு, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணின் தாய்மாமா உலகநாதன், சாத்தூரில் லாரி வைத்திருப்பவர். பெண்ணின் அத்தை வீட்டுக்காரர் அருணகிரி, எட்டயபுரத்தில் தையல் கடை. முதல் இரண்டு பேருக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. ஏதோ ஒரு பந்தியில் ஒருவருக்கு அப்பளம் வைக்காமல் போனதில் ஆரம்பித்தது என்றார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகத்தான் சொன்னார்கள். இரண்டு மூன்று தடவை சொன்னார்கள்.

பெரியப்பா நேரிலேயே வந்தார். இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். "தாயி, நான் மூத்தவன். ஏம்பேருக்கு மேல ஒரு பேரு இருந்துச்சுன்னா நான் மண்டபத்து வாசல்லயே நின்னுட்டு வந்திருவேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மின்சாரம் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அவர் படியிறங்கி ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, சாத்தூரிலிருந்து மாமா போன் செய்தார். "பொண்ணு கழுத்துல மொதல்ல மாலை போடுறது யாரு? தாய்மாமன். ஏம்பேரு ரெண்டாவதுன்னா மாலையையும் வேற ஆளுகிட்ட வாங்கிக்கிடச் சொல்லிருங்க." தாய்மாமன் மாலை இல்லாமல் பெண் எப்படி மணவறைக்குப் போகும்? கூடவே இருந்த தவசிலிங்கம் இந்த மேசைமேல் தலையைச் சாய்த்துவிட்டார். மேசையெல்லாம் பசை. நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "செண்பகம், நம்ம பக்கத்தால அந்த வீட்டுல ஒரு மனத்தாங்கல் வந்துச்சுன்னா, நீ திரும்ப அட்டை மடிக்கப் போயிர வேண்டியதுதான். பாத்துக்கோ."

அட்டை மடிக்க மெஷின் வந்து நான்கு வருஷம் ஆகிறது மேடம். அப்படியானால் நான் போவது எங்கே? வீட்டுக்குத்தான். வீட்டில் நான் உட்கார்ந்தால் என் மருமகள் எவ்வளவு வருத்தப்படுவாள் என்று எனக்குத் தெரியும். அவளே சொல்லியிருக்கிறாள்.

பாத்துக்கோ என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை. நானாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

எட்டாவது வெர்ஷனில் பெரியப்பா பேரை மேலே போட்டேன். அதன் லிங்கை அவருக்கு அனுப்பி, "உங்க பேரு மேல இருக்கான்னு பாத்துக்கோங்க ஐயா" என்றேன். பார்த்தார். திருப்தி என்றார். அப்புறம் மாமா பேரை மேலே ஏற்றினேன். அது ஒன்பதாவது. அதன் லிங்கை மாமாவுக்கு அனுப்பினேன். அவரும் திருப்தி என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உங்கள் சாமானின் அருமை புரிந்தது. கிழிக்க முடியாது என்று சௌம்யா சொன்னபோது பயந்தேனே, அந்தக் கிழியாமைதான் இங்கே கை கொடுத்தது. எட்டு எட்டாகவே நின்றது, ஒன்பது ஒன்பதாகவே நின்றது. இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் மேலே இருந்தார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை மேடம். இருக்கிறதா பாருங்கள் என்றேன், இருந்தது.

ஒவ்வொரு தடவையும் பெட்டியில் காரணம் எழுதினேன். உண்மையான காரணம். சௌம்யா சொன்னபடி.

அப்புறம் ஒரு சிக்கல் வந்தது. அட்டையில்தான் கட்டம் இருக்கிறதே. யாராவது அதைப் படம் பிடித்தால், பப்ளிஷ் செய்த வெர்ஷன் தெரியுமே. அதில் யார் மேலே இருக்கிறார்? பெரியப்பாவுக்குப் படம் பிடிக்கத் தெரியாது, ஆனால் அவருக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று இருக்கிறதே. நான் தவசிலிங்கத்துக்குப் போன் செய்து, எந்த நாளில் எந்த ஊருக்கு அட்டை வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொண்டேன். திங்கட்கிழமை சாத்தூர் என்றால் காலையில் வந்ததும் மாமா வெர்ஷனைப் பப்ளிஷ் செய்துவிடுவேன். புதன்கிழமை பெரியப்பா தெரு என்றால் பெரியப்பா வெர்ஷன். ஒரு நாள் இரண்டு ஊரும் சேர்ந்துவந்துவிட்டது. மத்தியானம் ஒரு மணிக்கு மாற்றினேன். சோற்றுக் கையோடு.

இந்த நடுவில் அருணகிரி ஒன்றும் கேட்கவில்லை. லிங்க் அனுப்பினேன். "சரிம்மா" என்று ஒரு வரி வந்தது. அவர் பேர் அதில் ஆறாவது. வீட்டு மூத்த மாப்பிள்ளை, ஆறாவது. அவர் கேட்காததுதான் எனக்கு என்னவோ செய்தது. அவருக்கென்று ஒரு வெர்ஷன் போட்டு, பெரியப்பாவையும் மாமாவையும் பிரித்த மாதிரி நடுவில் இரண்டாவதாக வைத்தேன். யாரும் சொல்லவில்லை. அது ஒன்றுதான் நான் யாரும் சொல்லாமல் செய்தது.

எங்கள் அண்ணன் வீட்டுப் பத்திரிகையையும் நான் பார்த்திருக்கிறேனே. மூத்தவனுக்குக் கல்யாணம், இந்த அச்சகத்தில்தான் அடித்தார்கள். அத்தை நான் ஒருத்திதான். ப்ரூஃப் என் கைக்கே வந்தது. "மற்றும் உறவினர்கள்" என்று இருந்தது. மற்றும் உறவினர்களில் நானும் உண்டுதானே. எழுத்துப் பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டு மெஷினுக்கு அனுப்பினேன். அதையெல்லாம் நான் மனசில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. அது நடந்து ஏழு வருஷம், வருகிற பதினாலாம் தேதியோடு எட்டு.

எங்கே விட்டேன்? ஆமாம். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது தவசிலிங்கம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். முதல் நாள் மாலை வரவேற்புக்கு மண்டபத்து வாசலில் பெரிய எல்.இ.டி. திரை வைக்கிறார்களாம், பன்னிரண்டடி. அதில் நம் பக்கத்தைப் போட வேண்டுமாம். அண்ணாச்சி அச்சகத்துக்கு விளம்பரம் என்று உடனே சம்மதித்துவிட்டார். ஒரே திரை, ஒரே வாசல். எந்த வெர்ஷன்?

நானே மண்டபத்துக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். என் பொறுப்பைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம்.

சாயங்காலம் ஐந்தரைக்கே போய்விட்டேன். திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி, ஒரு மேசை, சௌம்யாவின் லேப்டாப். திரைக்கும் வாழை மரத்துக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அதன் வழியாக வாசல் தெரிந்தது. லேப்டாப்பில் மூன்று வெர்ஷனையும் தனித்தனியாகத் திறந்துவைத்துக்கொண்டேன். ஒரு விரல் அழுத்தம், திரையில் மாறிவிடும். பெரியப்பா காரிலிருந்து இறங்கினார், அவரை மேலே ஏற்றினேன். நின்று பார்த்தார், தோள் துண்டைச் சரிசெய்தார், உள்ளே போனார். சாத்தூர் வேன் வந்தது, மாமாவை மேலே ஏற்றினேன். அவர் திரைக்கு முன்னால் நின்று தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அருணகிரி வீட்டம்மாவோடு நடந்து வந்தார். இரண்டாவதாகப் போட்டேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, செருப்பை எங்கே விடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் இப்படி ஓட்டினேன் மேடம். மாமா கை கழுவ வெளியே வந்தார், மாற்றினேன். பெரியப்பா யாரையோ வழியனுப்ப வந்தார், மாற்றினேன். ஒருவர் வெளியே வரும்போது மற்றவர் உள்ளே போனார். நடுவில் ஒரு பெண் எனக்கு ஜிகர்தண்டா கொண்டுவந்து வைத்தாள். குடிக்க நேரமில்லை, மேலே எறும்பு வந்துவிட்டது.

ஆறே முக்காலுக்குப் போட்டோக்காரர் கெடுத்தார். திரைக்கு முன்னால் குடும்பத்தோடு ஒரு படம் வேண்டும் என்று தவசிலிங்கத்தையும் பெரியப்பாவையும் மாமாவையும் அருணகிரியையும் வீட்டுப் பெண்களையும் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பெரியப்பா ஒரு ஓரம், மாமா மறு ஓரம். திரையில் அப்போது மாமா மேலே. எனக்குச் சந்து வழியாக எல்லாருடைய முதுகும் தெரிந்தது. "எல்லாரும் ஒருதடவ திரும்பித் திரையப் பாருங்க, அப்புறம் என்னப் பாருங்க" என்று போட்டோக்காரர் சொல்வது கேட்டது. அவருக்கு என்ன யோசனையோ.

மூன்றில் எதுவும் உதவாது. உறவுக்காரர் பேரே இல்லாத பழைய வெர்ஷன் ஒன்று இருந்தது, மூன்றாவது நம்பர், பெற்றவர்கள் பேர் மட்டும் இருக்கும். அதைப் போட்டால் எல்லாரும் பிழைத்தோம். அதைத் தேட வெர்ஷன் பட்டியலைத் திறந்தேன். பட்டியல் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். அச்சகத்தில் எனக்கு மட்டும்தானே தெரியும்? லேப்டாப்பில் வருவதெல்லாம் அந்தத் திரையிலும் வரும் என்பது, சத்தியமாக, அந்த நேரத்தில் என் புத்தியில் இல்லை.

மொத்தம் நாற்பத்து மூன்று வெர்ஷன். பன்னிரண்டடித் திரை. ஒவ்வொரு வரியிலும் நம்பர், பேர், காரணம்.

வெளியே திடீரென்று சத்தம் நின்றது. நாதஸ்வரக்காரர்கூட வாயிலிருந்து எடுத்துவிட்டார். அப்புறம் மாமாவின் குரல் கேட்டது. அவருக்குச் சத்தம் போட்டுப் படிக்கிற பழக்கம்.

"வெர்ஷன் எட்டு. பா. செண்பகவல்லி. பெரியப்பா பார்க்க மட்டும்."

அடுத்து பெரியப்பாவின் குரல். "ஒன்பது. பா. செண்பகவல்லி. மாமா மாலையைக் காட்டி மிரட்டியதால்."

எதை அழுத்தினால் போகும் என்று தெரியாமல் எதையோ அழுத்தினேன், பட்டியல் மேலே நகர்ந்தது, அவ்வளவுதான். அடுத்தடுத்த வரிகள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு பேரும் மாறி மாறிப் படித்தார்கள். பதினாலு: பெரியப்பா தன் பேரை மட்டும் பெரிய எழுத்தில் கேட்டார், பெரிதாக்கிவிட்டதாகச் சொல்லிவிட்டேன். இருபத்தொன்று: சாத்தூருக்கு அட்டை போகும் நாள், இன்று மட்டும் மாமா மேலே. இருபத்தேழு: பெண்ணின் அப்பா அழுதார், மாற்றம் ஒன்றும் இல்லை. முப்பத்து மூன்று: பெரியம்மா பேர் எதற்கு என்று பெரியப்பா எடுக்கச் சொன்னார், எடுக்கவில்லை.

முப்பத்து மூன்றைப் படிக்கும்போது பெரியப்பாவின் குரல் பாதியில் நின்றுவிட்டது. பெரியம்மா பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். "மீதியப் படிங்க" என்று ஒரு பெண்குரல் கேட்டது. அவர் படிக்கவில்லை. மாமாதான் படித்துக் காட்டினார். கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

யாரோ சிரித்தார்கள். அது கல்யாணப் பெண் என்று பிறகு சொன்னார்கள். மேடையிலிருந்து இறங்கி வாசலுக்கே வந்துவிட்டாளாம். அவள் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். நான் மேசைக்கு அடியில் குனிந்து, மின்சார வயரைப் பிடுங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். லேப்டாப்புக்கு உள்ளேயே சார்ஜ் இருந்தது.

பெரியப்பா, "யாரு இந்தச் செண்பகவல்லி? பத்திரிகையில நம்ம பேரு ஒருதடவதான் இருக்கு, இந்தம்மா பேரு நாப்பது இடத்துல இருக்கு" என்றார். யாரிடம் சொன்னார் தெரியுமா மேடம்? மாமாவிடம். பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

மாமா பதில் சொன்னார். "நம்ம ரெண்டு பேரையும் முட்டாளாக்கிட்டா மச்சான்."

மச்சான் என்றார். எனக்கு நன்றாகக் கேட்டது.

அதற்கப்புறம் கோபம் முழுவதும் என் பக்கம் திரும்பியதா என்றால், அதுதான் இல்லை. அவர்கள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்காக எத்தனை வெர்ஷன் போட்டிருக்கிறது என்று. மாமாவுக்குப் பதினேழு வந்தது, பெரியப்பாவுக்குப் பதினாறு. "ஒண்ணு கூட" என்று மாமா சொன்னார். "இருபத்தஞ்ச விட்டுட்டீரு, அதுவும் எனக்காகப் போட்டதுதான்" என்று பெரியப்பா சொன்னார். திரும்ப முதலிலிருந்து எண்ணினார்கள். இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று திரையில் விரல் வைத்து எண்ணுகிறதைப் போட்டோக்காரர் எடுத்துவிட்டார். ஆல்பத்தில் அதுதான் முதல் படமாம்.

நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போகவும் முடியாது, அந்தச் சந்து வழியாகப் போனால் நேரே அவர்கள் நடுவில்தான் போய் நிற்க வேண்டும். அப்போது வாழை இலையை விலக்கிக்கொண்டு அருணகிரி எட்டிப் பார்த்தார்.

"செண்பகவல்லிங்கிறது நீங்களாம்மா?"

தலையை ஆட்டினேன்.

"முப்பத்தாறுல எழுதியிருந்துச்சு. படிச்சேன்."

முப்பத்தாறில் நான் எழுதியிருந்தது எனக்கே மறந்துவிட்டது. லேப்டாப்பைப் பார்த்தேன். "அருணகிரி ஐயா ஒன்றும் கேட்கவில்லை. பாவம். நானே இரண்டாவதாகப் போட்டேன்" என்று இருந்தது. பாவம் என்று எழுதினதற்குத்தான் கேட்க வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன்.

அவர் கழுத்தில் அளவு டேப் மாதிரி தொங்கிய துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்புறம், "அந்த முப்பத்தாறாம் நம்பரு மட்டும் எனக்கு ஒரு லிங்க் அனுப்ப முடியுமாம்மா? வச்சுக்கிடுதேன்" என்றார்.

அனுப்பினேன். இரண்டு தடவை அனுப்பினேன், ஒன்று போகாமல் விட்டால் என்ன செய்வது என்று.

மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு மாமா மாலை கொண்டுவந்தார். பெரியப்பாவும் மேடையேறினார். பெரியம்மா அவரோடு ஏறவில்லை, கொஞ்சம் தள்ளி ஏறினார் என்று கேள்வி. அது அவர்கள் வீட்டு விஷயம். நான் அதற்குள் போகவில்லை. ஒரு மனத்தாங்கலும் இல்லாமல் கல்யாணம் முடிந்தது என்றுதான் நான் சொல்வேன். நான் அவ்வளவு கவனமாக இருந்ததால்.

அண்ணாச்சிக்கு அப்படித் தோன்றவில்லை. மறுநாள் கூப்பிட்டார். பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

"யாரும்மா ஒன்ன அதுல இப்படியெல்லாம் எழுதச் சொன்னது?"

"உண்மையான காரணத்த எழுதச் சொன்னாங்க அண்ணாச்சி."

"நான் பாத்துக்கோன்னுல்ல சொன்னேன்?"

இருபத்து மூன்று வருஷம் கண் முன்னால் ஓடியது. தங்க நூல், மஞ்சள், சிவப்பு மை எல்லாம். வீட்டில் என் மருமகள் முகமும் வந்தது. அவர் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்றது. கயத்தாறுக்காரர்கள், தவசிலிங்கம் வீட்டு வரவேற்புக்கு வந்திருந்தார்களாம். "ஆளுக்கொரு லிங்க் குடுப்பீங்களாமே, எங்களுக்கும் அது மாதிரி வேணும். எங்க வீட்டுல அஞ்சு பேரு" என்றார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், பேப்பரைத் திரும்ப விரித்தார். அந்த மாதம் மட்டும் ஆறு குடும்பம் அப்படி வந்தது மேடம். மெஷின் மடிக்க முடியாத வேலை இது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஆனால் எனக்குப் பயம் போகவில்லை. ஆறு குடும்பம் என்றால் எத்தனை பெரியப்பா, எத்தனை திரை. பெட்டியில் எழுதினதை அழிக்க முடியுமா என்று சௌம்யாவைக் கேட்டேன். முடியாதாம். காலியாக விடலாமா என்றேன். கூடாதாம். அப்படியானால் வேண்டுமானால் என் பேருக்குப் பதிலாக "ஆபீஸ்" என்று வருகிற மாதிரி மாற்றித் தருகிறேன், யார் செய்தது என்றே தெரியாது, அதுதான் பாதுகாப்பு என்றாள். நல்ல பிள்ளை. நான் யோசித்துப் பார்த்துவிட்டு, பேர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பேருக்காக இல்லை. எதற்கு வீணாக ஒன்றை மாற்றுவது.

அண்ணன் வீட்டுச் சின்னவளுக்கு வருகிற தையில் கல்யாணம். அந்தப் பக்கமும் என்னிடம்தான். பாருங்கள், இதுதான். உறவுக்காரர் வரிசையை அவர்கள் எழுதிக் கொடுத்தபடியே போட்டிருக்கிறேன், ஒரு பேர்கூட நான் தொடவில்லை. கடைசியில் "மற்றும் உறவினர்கள்" என்று இருக்கிறதா? இருக்கட்டும். இப்போது பட்டியலைத் திறக்கிறேன். கல்யாணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, அதற்குள் பத்தொன்பது வெர்ஷன் ஆகிவிட்டது. புள்ளி வைத்தேன், எடுத்தேன். மாற்றினவர் பேர் வரிசையாக நிற்கிறதா? படிக்க முடிகிறதா உங்களுக்கு?

பேருக்குப் பக்கத்தில் காரணம் எழுதுகிற பெட்டியையும் பாருங்கள். அண்ணாச்சி முன்பு பார்த்துக்கோ என்று சொன்னார் அல்லவா? சொன்னேன் என்று அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டார் அல்லவா? அதுதான். பத்தொன்பதிலும் ஒரே வரி. எல்லாப் பக்கத்திலும் இப்போது அந்த ஒரே வரிதான். சித்தப்பா மிரட்டினாலும் சரி, அத்தை அழுதாலும் சரி. "அண்ணாச்சி சொன்னபடி." அவர் போன மாதம் காசிக்குப் போயிருந்த பன்னிரண்டு நாளும்கூட, "அண்ணாச்சி சொன்னபடி." பொய் இல்லை மேடம். சொன்னார்.

இவ்வளவுதான். அந்தப் புள்ளி இன்னும் துடிக்கிறதே. நான் சொன்னதை நீங்கள் எங்கேயாவது எழுதி ஏற்றுவீர்கள். ஏற்றினால் அதற்கும் ஒரு நம்பர் வரும், ஒரு பெட்டி வரும். அந்தப் பெட்டியில் "அண்ணாச்சி சொன்னபடி" என்று போட்டுவிடுங்கள். சொன்னது யார் என்று பேர் கேட்டால் பா. செண்பகவல்லி. மேலேயே போடுங்கள். வேறு யார் பேரும் வருவதாக இருந்தால், அவர்களுக்கு வேறு வெர்ஷன் அனுப்பிக்கொள்ளலாம்.